ஐம்பதிலும் வளையும்: பாரிசவாதமும் புதிய மூளைக்கலங்களும்

பழைய மாணவன் ஒருவன்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. நாம் மாணவராயிருந்த காலத்தில் இதனைக் கேளாத நாள் அரிது. வீட்டுக்கணக்கைச் செய்யாது வந்தவனுக்கும், எழுத்துக் கோணியவனுக்கும், மணியடித்தபின் வந்தவனுக்கும் ஆசிரியர்கள் இவ்வொரு வாக்கையே மருந்தாகக் கொடுத்தனர். இளமையிற் கற்பதன் அருமையை உணர்த்துதற்கு அது தக்க வாக்கே. ஆயினும் அதனை இயற்கையின் மாறாவிதியாகக் கொள்வது தகுமா என்னும் வினா, வகுப்பறையை விட்டு நீங்கி நெடுங்காலம் சென்றபின், நோயாளி ஒருவரின் கட்டிலருகே எனக்கு எழுந்தது. அவ்வினாவுக்கு விஞ்ஞானம் இன்று கூறும் விடையையும், அவ்விடையைப் பிழைபட விளங்கிக்கொள்வதால் விளையும் கேட்டையும், இவை காரணமாக நம் பழைய மாணவர் சங்கம் செய்யத்தக்கது யாது என்பதையும் இவ்விழா மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

மன்னார் நகரினின்று தலைமன்னாரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஊர் தோட்டவெளி. பனையும் தென்னையும் செறிந்த மணற்பாங்கான ஊர். 1544ஆம் ஆண்டிற் சமயத்தின் பொருட்டு உயிர்நீத்த மன்னார்க் கத்தோலிக்கரை நினைவூட்டும் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அங்கே உள்ளது. அவ்வூரில் எனக்கு நெடுநாட் பழக்கமுள்ள கடற்றொழிலாளர் ஒருவர், ஒரு நாட் காலை முகங்கழுவுகையில் வலப்பக்கம் தளர்ந்து கிணற்றடியில் வீழ்ந்தார். வைத்தியசாலையில் அவர் உயிர் காக்கப்பட்டது. மூன்று மாதங் கழித்து நான் காணச் சென்றபோது, அவர் திண்ணையிற் சாய்ந்திருந்தார். வலக்கை மடிமீது உயிரற்றதுபோற் கிடந்தது. என்னிடம் முன்னொருகாற் படித்தவராகிய அவர் மைந்தர் என்னைப் படலை வரை வழியனுப்ப வந்து, தாழ்ந்த குரலிற் பேசலானார்.

"மாஸ்டர், கடலுக்கு அப்பால் ஓரிடத்தில் ஊசி போடுகிறார்களாம். மூளையிற் புதிய கலங்கள் முளைக்குமாம். படகையும் இயந்திரத்தையும் விற்றாற் செலவுக்குக் காணும். நீங்கள் சரியென்று சொன்னால் விற்றுவிடுகிறேன்."

உடனே விடைகூற என்னால் இயலவில்லை. சில வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டு, வைத்தியத் துறையிலுள்ள நம் பழைய மாணவர் சிலரை வினாவியும், கிடைத்த ஆராய்ச்சி வெளியீடுகளைப் படித்தும், பின்னர் அவருக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகின்றேன்.

பாரிசவாதம் என்பது மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் ஒன்று அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் உண்டாவது. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. பெரிய குழாயொன்று அடைபட்டு மருத்துவம் கிட்டாதவிடத்து, நிமிடமொன்றுக்குப் பத்தொன்பது இலட்சம் கலங்கள் மடிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஜெஃப்றி சேவர் 2006ஆம் ஆண்டிற் கணித்துக் காட்டினார். கையை இயக்கும் பகுதி மடிந்தாற் கை சோர்கின்றது; பேச்சுக்குரிய பகுதி மடிந்தாற் சொல் மறைகின்றது. எலும்பு முறிந்தாற் கூடுகின்றது. தோல் கிழிந்தால் மூடுகின்றது. மூளைக்கலம் மாத்திரம் மடிந்தால் மீண்டும் தோன்றாதா? மைந்தரின் கேள்வி இதுவே. நூறாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகளை வருத்திவரும் கேள்வியும் இதுவே.

நரம்பியலின் தந்தையருள் ஒருவராய் 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய அறிஞர் சாந்தியாகோ றமோன் இ கஹால், வளர்ந்தோரின் மூளையில் நரம்புப்பாதைகள் முடிந்த முடிபானவை என்றும், அங்கே எதுவும் மடியலாமேயன்றி எதுவும் புதிதாய்ப் பிறவாது என்றும் கருதினார். நம் பழமொழியின் விஞ்ஞான வடிவம் என்றே அதனைக் கூறலாம். அக்கொள்கை அரைநூற்றாண்டு காலம் அசையாது நின்றது. 1960களில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜோசப் ஆல்ற்மன், கோபால் தாஸ் என்னும் இருவரும், வளர்ந்த எலியின் மூளையிற் புதிய கலங்கள் தோன்றுவதைக் கண்டு 1965ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1980களிற் பெர்னாண்டோ நொற்றபோம் என்பவர், கனேரிப் பறவைகளின் மூளையிற் பாட்டுக்குரிய பகுதியிற் புதிய நரம்புக்கலங்கள் பிறப்பதைக் காட்டினார். பறவைக்கு உண்டு, எலிக்கும் உண்டு, மனிதருக்கு?

1998ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டுப் பீற்றர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிறெட் கேஜும் விடை கூறினர். பிரியும் கலங்களில் மட்டும் பதியும் ஒருவகை அடையாளப் பொருள், புற்றுநோயாளர் சிலருக்கு நோயாராய்ச்சியின் பொருட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் இறந்தபின் ஐவரின் மூளை ஆராயப்பட்டபோது, ஞாபகத்துக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் அவ்வடையாளம் தாங்கிய புதிய நரம்புக்கலங்கள் காணப்பட்டன. ஹிப்போகாம்பஸ் என்பது கடற்குதிரையின் பெயர். வடிவொப்புமை பற்றி வந்தது. மன்னார்க் கடலோரத்தார்க்கு அவ்வுருவை விளக்கவேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டில் யோனாஸ் ஃபிறிசேன் என்பவரின் ஆய்வுக்குழுவினர் மற்றொரு வழியால் அதனை அளந்தனர். 1963ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்கு முன் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிற் கதிரியக்கக் காபன் பெருகியது. பின்னர் அது சிறிது சிறிதாகக் குறைந்துவந்தது. கலமொன்று பிறக்கும் ஆண்டின் காற்றிலிருந்த அளவே அக்கலத்தின் பரம்பரைப் பொருளிற் பதிகின்றது. ஆகவே ஒவ்வொரு கலமும் தன் பிறப்புச் சான்றிதழைத் தானே சுமக்கின்றது. அதனைக் கணித்த அவர்கள், மனித மூளையின் இரு கடற்குதிரைப் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 புதிய நரம்புக்கலங்கள் சேர்கின்றன என்றனர். 2018ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வுக்குழு, வளர்ந்த மனிதரிடம் அவ்வாறான புதிய கலங்கள் எவையும் தென்படவில்லை என மறுத்தது. அதே ஆண்டிலும் மறு ஆண்டிலும் வேறு சிலர் உண்டென்றனர். 2025ஆம் ஆண்டில் ஃபிறிசேன் குழுவினர், நரம்புக்கலங்களைப் பிறப்பிக்கும் தாய்க்கலங்களை வளர்ந்தோர் மூளையிலேயே கண்டதாக வெளியிட்டனர். ஆளுக்கு ஆள் அவற்றின் தொகை பெரிதும் வேறுபடுகின்றது. விஞ்ஞானம் இவ்வாறு வாதித்தும் எதிர்வாதித்துமே நடைபோடுகின்றது என்பதை நம் மாணவர் கருத்திற் கொள்ளல் நன்று.

நிற்க. புதிய கலங்கள் பிறக்கின்றன என்றே கொள்வோம். அவை பாரிசவாதத்தால் மடிந்தவற்றின் இடத்தை நிரப்புமா என்பது வேறு கேள்வி. 2002ஆம் ஆண்டில், சுவீடனின் லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் எலிகளிற் செயற்கையாகப் பாரிசவாதத்தை உண்டாக்கி ஆராய்ந்தனர். மூளையின் உள்ளறையோரத்திற் பிறந்த புதிய கலங்கள் காயப்பட்ட இடத்தை நாடிச் சென்றமை வியப்புக்குரிய காட்சியே. ஆனால் அவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை சில வாரங்களுள் மடிந்தன. இறுதியில் எஞ்சியவை, இறந்த கலங்களின் தொகையில் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவையே ஈடுசெய்தன. மனிதரிடத்து நிலை யாது? 2014ஆம் ஆண்டில், பாரிசவாதம் கண்டு உயிர்நீத்தோரின் மூளைப் புறணியை முன் சொன்ன காபன் முறையாற் சோதித்தபோது, நோய்க்குப் பின் அங்கே புதிய நரம்புக்கலம் பிறந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இரு பக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 1,400 கலங்கள் பிறக்கின்றன. பாரிசவாதத்தின் ஒரு நிமிடத்தில் மடிபவை 19,00,000. அந்த ஒரு நிமிட இழப்பை எண்ணிக்கையால் மாத்திரம் ஈடுசெய்யவே 1,357 நாட்கள், அதாவது மூன்றேமுக்கால் ஆண்டு வரையில், வேண்டும். அதுவும் அக்கலங்கள் பிறக்கும் இடம் ஞாபகப் பகுதியேயன்றிக் கையை இயக்கும் பகுதியன்று. ஒரு நிமிடத்தைக் காப்பது மூன்றேமுக்கால் ஆண்டின் விளைச்சலைக் காப்பதாகும். இக்கணக்கை நம் ஊரவர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்தல் வேண்டும்.

மருந்தினால் அவ்விளைச்சலைப் பெருக்க இயலாதா என விஞ்ஞானிகள் முயலாமலில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்செற்றின் என்னும் மருந்து எலிகளிற் புதிய மூளைக்கலங்களைப் பெருக்குவதாகக் காணப்பட்டது. 2011ஆம் ஆண்டில் 118 நோயாளரிடம் பிரான்சில் நடந்த பரிசோதனை, அம்மருந்தால் கைகாலியக்கம் தேறுவதாகக் காட்டியது. உலகெங்கும் நம்பிக்கை பரந்தது. ஆனால் 2018ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் 3,127 நோயாளரைக் கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையில் அந்நன்மை காணப்படவில்லை. மருந்துண்டோரிடத்து எலும்பு முறிவு மிகுந்ததே கண்டது. சிறு பரிசோதனையிற் பிறந்த நம்பிக்கை பெரும் பரிசோதனையில் மறைவது மருத்துவ வரலாற்றில் அரியதன்று.

இனி, ஸ்ரெம் செல் எனப்படும் மூலக்கல ஊசிக்கு வருவோம். இந்தியாவில், புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த கமேஷ்வர் பிரசாத் தலைமையில், பல வைத்தியசாலைகள் கூடி 120 நோயாளரிடம் ஒரு பரிசோதனையை நடத்தின. ஒரு பகுதியினருக்கு அவரவர் என்பு மச்சையினின்று எடுத்த கலங்கள் நாளத்தின் வழியே செலுத்தப்பட்டன, மறுபகுதியினருக்குச் செலுத்தப்படவில்லை. 2014ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாதெனின், அம்முறையால் தீங்கு காணப்படவில்லை. நன்மையும் காணப்படவில்லை என்பதே. அமெரிக்காவில் மூளைக்குள்ளேயே கலங்களைச் செலுத்திய முறையொன்று 2016ஆம் ஆண்டிற் பதினெண்மரிடம் நற்பயன் தந்ததாகப் பேசப்பட்டது. பின்னர் 163 பேரைக் கொண்டு ஒப்புநோக்கிச் சோதித்தபோது, எதிர்பார்த்த பயனை அஃது எட்டவில்லை என்று 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையும் 2017ஆம் ஆண்டின் நெறிமுறைகளில், குருதி நோய்கள் சிலவற்றுக்கு வழங்கும் முறையன்றி, மூலக்கலங்களை ஒப்புதல் பெற்ற பரிசோதனைக்கு வெளியே சிகிச்சையெனக் கொடுத்தல் ஆகாது என்று வகுத்துள்ளது. ஒப்புதல் பெற்ற பரிசோதனையில் நோயாளியிடம் பணம் வாங்கும் வழக்கம் இல்லை. படகை விற்றுவரச் சொல்பவர் பரிசோதனை நடத்துபவரல்லர், வாணிகம் நடத்துபவர். இவ்வொரு வேறுபாட்டை அறிந்தாலே பல குடும்பங்கள் தப்பும்.

அப்படியாயின், பாரிசவாதம் கண்டவர் தேறுவதேயில்லையா? தேறுகின்றனர், அதனை நாம் கண்ணாரக் காண்கின்றோம். எவ்வாறு எனின், புதிய கலங்கள் பிறப்பதால் அன்று. உயிரோடு எஞ்சிய பழைய கலங்கள் புதிய தொழிலைக் கற்பதால். காயத்தைச் சூழ்ந்த கலங்கள் புதிய கிளைகளை விடுகின்றன. உறங்கிய இணைப்புகள் விழிக்கின்றன. அயலிலுள்ள பகுதி, இழந்த பகுதியின் வேலையைச் சிறிது சிறிதாக ஏற்கின்றது. வீட்டில் மூத்தவன் இறந்தாற் புதிய மூத்தவன் பிறப்பதில்லை. இளையவன் அவன் பொறுப்பை ஏற்கின்றான். அதனைப் போன்றதே இது.

ஆனால் இளையவனுக்கு அப்பொறுப்பைப் பழக்கவேண்டும். 1996ஆம் ஆண்டில் றண்டொல்ஃப் நூடோ என்பவர் குரங்குகளில் இதனைத் தெளிவாகக் காட்டினார். கைக்குரிய மூளைப்பகுதியிற் காயம் உண்டானபின், சிறு குழியினின்று உணவுருண்டையை எடுக்கும் பயிற்சி அளிக்கப்பட்ட குரங்குகள் கைக்குரிய எஞ்சிய பகுதியைக் காத்துக்கொண்டன. பயிற்சியற்றவை அதனையும் இழந்தன. எட்வேட் டௌப் என்பவர் வகுத்த முறையொன்றில், நோயாளியின் நல்ல கைக்கு உறையிட்டுக் கட்டிவிட்டு, தளர்ந்த கையாலேயே நாள்தோறும் பல மணி நேரம் வேலை செய்விப்பர். நல்ல கை ஓய்ந்தாலன்றித் தளர்ந்த கை உழையாது என்பது அதன் கருத்து. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் அசைக்கவல்ல 222 பேரிடம் இரு வாரம் இம்முறையைக் கையாண்ட பரிசோதனையின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனால் வந்த தேறுதல் ஓராண்டின் பின்னும் நிலைத்திருந்தது.

சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவிற் பணிபுரிந்த தமிழறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனின் கண்ணாடி முறையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கையிழந்தோர்க்கு இல்லாத கையில் எழும் நோவைத் தணிக்க அவர் நிலைக்கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்தினார். நல்ல கையின் நிழலுருவம் கண்ணாடியில் இழந்த கைபோலத் தோன்ற, மூளை அதனைத் தன் கையென ஏற்கின்றது. 1999ஆம் ஆண்டில் அவரும் உடனுழைத்தோரும் அதே முறையைப் பாரிசவாத நோயாளர் ஒன்பதின்மரிடம் சோதித்தனர். பின்னர் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், அம்முறை கையியக்கத்துக்கு ஓரளவு துணைசெய்கின்றது என்ற முடிவுக்கு வந்துள்ளனர். சுவர்க்கண்ணாடி ஒன்றின் விலையில் அமையும் மருத்துவம் இது. இதற்குப் படகை விற்கவேண்டியதில்லை.

எனினும் ஒன்று கூறவேண்டும். இம்முறைகளுக்கெல்லாம் உயிர்நாடி திரும்பத் திரும்பச் செய்தலே. விலங்குகளை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை பழக்கியே ஆராய்ச்சியாளர் மூளையின் மாற்றத்தைக் கண்டனர். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வைத்தியசாலைகளிற் கையியக்கப் பயிற்சியின்போது எத்தனை தடவை பழக்கப்படுகின்றது என்று எண்ணிப் பார்த்த ஆய்வாளர், சராசரி 32 தடவை என 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செல்வ நாடுகளிலேயே நிலை அதுவாயின், தோட்டவெளித் திண்ணையில் நிலை யாதென எடுத்துரைக்க வேண்டுமோ? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம்மவர் அறிந்ததே. அம்மி நகராதது கல்லின் குற்றமன்று, அடியின் குறைவே.

"நம்பிக்கையைக் கெடுத்தல் நன்றோ? பொய்யாயினும் ஊசி ஒன்று போட்டால் மனம் தேறாதா?" எனச் சிலர் கேட்பர். நான் நம்பிக்கைக்கு மாறானவனல்லன். பொய்யான நம்பிக்கை பயிற்சியைக் கெடுக்கின்றது என்பதே என் முறையீடு. ஊசி வேலை செய்யும் என்று காத்திருப்பவர் கையைப் பழக்கார். தேறுதலுக்குப் பெரிதும் உகந்தவை நோய் கண்ட முதற்சில மாதங்களே. அக்காலம் பயணச்சீட்டுக்கும் பணத்துக்கும் அலைவதிற் கழிகின்றது. படகை இழந்த குடும்பம் நோயாளிக்குப் பாலும் முட்டையும் கொடுக்க மாட்டாது தவிக்கின்றது. அன்றியும், ஆராய்ச்சி நிற்கவேண்டும் என்றும் நான் கூறவில்லை. ஆல்ற்மனையும் தாஸையும் உலகம் அலட்சியம் செய்த பிழையை நாமும் செய்தலாகாது. நாளை ஒரு மருந்து வரலாம். அது வருங்காற் பெரும் பரிசோதனையில் நின்று தேர்ந்து வரட்டும். பத்திரிகை விளம்பரத்தில் ஏறி வரவேண்டாம்.

மறுபக்கத்தில், "பயிற்சிதானே, வீட்டாரே பார்த்துக்கொள்வர்" என்பாரும் உளர். இவ்வெண்ணமும் சோதிக்கப்பட்டதே. லூதியானாக் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர் ஜெயராஜ் துரை பாண்டியனும் பிறரும், இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினர். குடும்பத்தவர் ஒருவருக்குச் சிறிது காலம் பயிற்சியளித்து, அவரைக்கொண்டே வீட்டிற் பயிற்றுவித்தனர். 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவு நம்மிற் பலரின் எதிர்பார்ப்புக்கு மாறானது: ஆறு மாதத்தின் பின், இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் இரு பகுதியிலும் நூற்றுக்கு 47 பேர். அன்பு மாத்திரம் போதாது என்பதே நான் இதிற் கற்கும் பாடம். சமையலும் பிள்ளைகளும் கடலும் கரையும் என அல்லற்படும் குடும்பத்தின் தலையில் இயன்மருத்துவரின் வேலையையும் சுமத்திவிட்டு நாம் கைகழுவுதல் முறையன்று. அன்றியும், தகுந்த வழிகாட்டலின்றிச் செய்வதாற் கேடும் உண்டு. நோய் கண்ட இருபத்துநான்கு மணி நேரத்துள்ளேயே நோயாளியை எழுப்பி மிகுதியாகப் பழக்கியபோது, நல்ல தேறுதல் பெற்றோர் தொகை குறைந்ததென 2,104 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2015ஆம் ஆண்டிற் காட்டியது. எப்போது தொடங்குவது, எவ்வளவு பழக்குவது என்பதைக் கற்றவர் ஒருவர் கூறவேண்டும். அக்கற்றவர் ஊருக்குள் வரவேண்டும்.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? விழாக்காலங்களில் நினைவு வளைவும் மணிக்கூட்டுக் கோபுரமும் எழுப்புதல் கல்லூரிகளின் வழக்கம். அவற்றை நான் இகழவில்லை. ஆயினும் இவ்விழாவின் நினைவாகக் கல்லில் எழுதுவதோடு அமையாது, மனிதரிலும் எழுதுவோமாக. மூன்று காரியங்களை அன்பர்களின் ஆலோசனைக்கு வைக்கின்றேன்.

முதலாவது, ஒரு புலமைப்பரிசில். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. கல்விக் கட்டணம் இல்லையெனினும் உணவும் உறையுளும் ஏழைப் பிள்ளைக்குப் பெருஞ்சுமையே. மன்னார் மாவட்டத்தினின்று அக்கல்விக்குத் தெரிவாகும் மாணவர் ஒருவரைச் சாதி சமயம் பாராது நம் சங்கம் தாங்கட்டும். இந்துக் கல்லூரியின் பணம் கத்தோலிக்க ஊருக்குப் போவதோ எனக் கேட்போர் நம்மிடை இலர் என்றே நம்புகின்றேன். பாரிசவாதம் சமயம் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, ஊரிலொரு பயிற்சிக் கொட்டில். அதற்கு விலையுயர்ந்த இயந்திரங்கள் வேண்டா. தனக்குப் பழகிய தொழிலைச் செய்யும்போதே கை விரைந்து கற்கின்றது. கடற்றொழிலாளர்க்கு வலைநூலும் முடிச்சும், பெண்களுக்குப் பெட்டி இழைக்கும் பனையோலையும், இரண்டொரு நிலைக்கண்ணாடியும், பிடித்து நடக்க இரு கம்பும் போதும். அருகிலுள்ள வைத்தியசாலையின் இயன்மருத்துவர் வகுக்கும் ஒழுங்கின்படி, பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் நாள்தோறும் அங்கிருந்து, ஒவ்வொருவரும் எத்தனை தடவை செய்தனர் என்பதைக் கொப்பியில் எழுதிவரட்டும். முப்பத்திரண்டு முந்நூறாகட்டும்.

மூன்றாவது, வருமுன் காத்தல். பாரிசவாதத்துக்குக் காரணமாகும் பத்து நிலைகளை 2010ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நோய் அவற்றால் வருவது. அவற்றுள் முதன்மையானது உயர் குருதியமுக்கம். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில், சுகாதார ஊழியர் வீடுவீடாகச் சென்று குருதியமுக்கத்தை அளந்து அறிவுரை கூறி, வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். 2,645 பேரிடம் நடந்த இவ்வாய்வின் முடிவு 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமுக்கம் மற்றையோரைவிட ஏறக்குறைய ஐந்து அலகு மிகுதியாக இறங்கியது. நம் இலங்கைக் கிராமங்களிலேயே இயன்ற செயல் இது. உப்பும் கருவாடும் நம் கரையோரத்தின் பிழைப்பு; ஆனால் அவ்வுப்பே நம் குழாய்களுக்குப் பகை. சீனாவின் 600 கிராமங்களில், உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடம் பாரிசவாதம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்தது என 2021ஆம் ஆண்டில் அறிந்தோம். சிறுநீரக நோயுடையோர் அவ்வுப்பை வைத்தியரைக் கேளாது உண்ணலாகாது.

இவற்றோடு, நோயின் குறியை ஊரார் அறியவேண்டும். முகம் கோணினாலும், கை சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990 என்னும் இலக்கத்தை அழைக்கவேண்டும். 2016ஆம் ஆண்டில் தொடங்கி 2018இல் வட மாகாணத்துக்கும் விரிந்த அவ்விலவச அம்புலன்ஸ் சேவை ஏழைக்கும் உரியது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நாலரை மணி நேரத்துள்ளே கொடுத்தல் வேண்டும். அதற்கு முன் சி. ரி. கருவியாற் படமெடுத்து, அடைப்போ வெடிப்போ என்று தெளிதலும் வேண்டும். எண்ணெய் தடவிப் பார்ப்போம், விடிந்தபின் போவோம் என்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் மேற்சொன்ன மூன்றேமுக்கால் ஆண்டாகும்.

தோட்டவெளி நண்பரின் செய்தியைக் கூறி முடிக்கின்றேன். மைந்தர் படகை விற்கவில்லை. வைத்தியசாலையில் இயன்மருத்துவரிடம் ஒழுங்கொன்றைக் கேட்டறிந்து, விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளை எண்ணிக்கை சொல்ல வைத்து, நாள்தோறும் காலையும் மாலையும் தந்தையின் கையைப் பழக்கினார். எல்லாம் மீண்டுவிட்டது என்று நான் கூறமாட்டேன். விரல்கள் இன்னும் முற்றாக விரியவில்லை; அவர் இனிக் கடலுக்குப் போகப்போவதில்லை. ஆயினும் சென்ற மாதம் நான் சென்றபோது, அவர் திண்ணையில் நிமிர்ந்திருந்து, வலக்கையால் வலையின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டு, இடக்கையால் முடிச்சிட்டுக் கொண்டிருந்தார். முற்றத்தில் அப்படகின் இயந்திரம் பழுதுபார்க்கப்பட்டுக் கிடந்தது. "எத்தனையாவது முடிச்சு?" என்றேன். "இருநூற்றுப் பத்து, மாஸ்டர், பேரன் பிழையாக எண்ணாவிட்டால்," என்றார் குழறிய குரலில். அவருக்கு வயது அறுபத்து நான்கு.

ஐந்தில் வளைவது எளிது, ஐம்பதில் வளைவது அரிது, ஆயினும் வளையும். அதற்கு வேண்டுவது விலைகொடுத்து வாங்கும் அற்புதமன்று. நாள்தோறும் உடனிருந்து எண்ணுகின்ற ஒரு துணை. அத்துணையை ஊர்தோறும் உண்டாக்குதல், நம்மை உருவாக்கிய கல்லூரிக்கு நாம் செலுத்தும் கடன்களுள் ஒன்றாகட்டும்.